கேட் போன்

அத்தியாயம் 11

பாண்டிமீனாவை வேலையை விட்டு அனுப்பி ஒரு வாரம் ஆகியும் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

திரி செருகும் அறையில் அவள் இடுப்பிலிருந்து போன் அலறியது, பிரீத்திகா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தது, "சீசன் முடியுற வரைக்கும் இந்த கேட்டுக்குள்ள நீ வரவேணாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னது, எல்லாம் போன வாரத்துக் கதை. மாமனார் லட்சுமிகாந்தம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே கம்பெனி கேட்டை மருமகள் பிரீத்திகாவின் பொறுப்பில் விட்டிருந்தார். ஆர்டர், லோடு, டீலர் எல்லாம் அவள் கணவன் மகேஷ்குமார் கையில்தான். ஆனாலும் கேட் தன் கையில் இல்லை என்பது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பொறுப்பு பிரீத்திகாவுக்குப் பெருமையாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. கேட்டில் சொன்ன சொல் ஒருமுறை பிசகினால் மறுநாள் ஆளாளுக்கு இடுப்பில் போன் இருக்கும். வெடிமருந்து கலக்கும் அறையில் ஒரு தப்பு நடந்தால் அதைத் திருத்த மறுநாள் வராது.

அதனால் இந்த வாரம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தாள். "போன் கொண்டாரலக்கா" என்று கையை விரிக்கும் கதை இனி இல்லை. யாராக இருந்தாலும் வாட்ச்மேன் சங்கிலிமுத்துவிடம் ஒரு போனைக் கொடுத்தால்தான் டோக்கன். டோக்கன் இருந்தால்தான் உள்ளே.

சட்டம் நன்றாக வேலை செய்தது. கேட் அறையில் போன் வைக்கும் அலமாரி தினமும் நிரம்பியது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று காலை இட்லித் தட்டுக்கு முன்னாலேயே அப்பாவுக்கும் மகனுக்கும் புகைய ஆரம்பித்துவிட்டது.

"பேக்கிங் ஷெட்டுல மட்டுமாவது சூப்பர்வைசர் போன் வச்சுக்கிடட்டும்ப்பா. பெட்டியை ஸ்கேன் பண்ணுனா ஆர்டர் தானாப் பதிவாகிரும். ஊரே செய்யுது."

"ஊரே செய்யுதுன்னுதான் ஊருக்குள்ள ஆம்புலன்சு ஓயாம ஓடுது," என்றார் லட்சுமிகாந்தம்.

"நீங்க இன்னும் அந்தச் செங்கல் காலத்துலயே இருக்கீக."

பிரீத்திகா சட்னிக் கிண்ணத்தை நகர்த்துவதுபோல நடுவில் கையை நீட்டினாள். செங்கல் என்ற சொல்லை எடுத்தால் மாமனார் சிரிப்பார், இல்லையென்றால் சீறுவார். எது வரும் என்று சொல்ல முடியாது.

அன்று சிரித்தார்.

அந்தச் செங்கல் ஊரறிந்தது. தொண்ணூறுகளில் சென்னை டீலர் ஒருவர் வைத்திருப்பதைப் பார்த்து, தானும் ஒன்று வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்தார் லட்சுமிகாந்தம். கறுப்பு நிறம், கொம்பு மாதிரி ஏரியல். சட்டைப் பையில் போட்டால் பை கிழியும், இடுப்பில் செருகினால் வேட்டி அவிழும். சென்னையில் மட்டும் பேசும். சிவகாசியில் அதற்கு டவரே கிடையாது. ஆனாலும் கல்யாண வீடுகளுக்கெல்லாம் கையோடு கொண்டுபோய், பந்தியில் இலைக்குப் பக்கத்தில் நட்டமாக நிறுத்திவைப்பார். பிற்பாடு ஊருக்கு டவர் வந்தபோது மொட்டைமாடியில் தண்ணித் தொட்டிமேல் ஏறி நின்றால் பேச முடிந்தது. "எந்த ஊரு விசயம்னாலும் தெருவுக்கே கேக்கும்," என்பாள் மாமியார் கற்பகவல்லி.

கம்பெனிக்குப் போனால் அதை வாட்ச்மேன் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொள்வான். போன் கேட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி அப்படித்தான் பிறந்தது. விதி போட்டவர் ஒருவர், போன் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். மறைத்து எடுத்துப் போகிற பொருளா அது?

அதற்குப் பிறகு போன் கையளவு ஆனது, விரலளவு ஆனது, மடிந்தது, விரிந்தது. இப்போது அப்பளம்போல இருக்கிறது. ஜாக்கெட்டுக்குள் இருந்தாலும் பாவாடை மடிப்பில் இருந்தாலும் வெளியே தெரியாது. வசதி அதுமட்டும் இல்லை. ரேஷன், வங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செய்தி, பஸ் தவறினால் புருசனுக்குத் தகவல், எல்லாம் அதற்குள்தான். பழைய போன் இல்லாமல் லட்சுமிகாந்தத்தால் இருக்க முடிந்தது. இப்போது யாராலும் முடியாது. விதி மட்டும் அப்படியே நின்றது.

"நீ சொல்லு தாயீ," என்று மருமகளைக் கேட்டார் மாமனார்.

"கேட்டுக்குள்ள போன் வேணாம் மாமா."

மகேஷ் தட்டிலேயே கையைக் கழுவினான். "நான் விருதுநகர் ஆபீசு வரைக்கும் போறேன். வர சாயந்திரம் ஆகும்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான்.

*

மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உள்ளே போன பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் காலுக்குக் கீழே தரை நெளிந்தது. அப்புறம்தான் காதுக்கு வந்தது. கேட் அறையின் தகரக் கதவு தானாக அடித்துக்கொண்டது. வேப்பமரத்திலிருந்த காக்கை மொத்தமும் கிளம்பியது.

"புதுப்பட்டிப் பக்கம்," என்றார் சங்கிலிமுத்து. அவர் குரலில் பதற்றம் இல்லை, பழக்கம் இருந்தது. கையை ஓங்கி மணியை அடிக்கத் தொடங்கினார்.

மணிச் சத்தம் கேட்டால் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, ஓடாமல், கேட்டுக்கு வெளியே உள்ள வெட்டவெளிக்கு வர வேண்டும். எந்தக் கம்பெனியில் வெடித்தாலும் இங்கே அதுதான் வழக்கம்.

பிரீத்திகாவின் விரல் தானாக மகேஷின் எண்ணை அழுத்தியது. அவன் விருதுநகரில் இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அழுத்தினாள். இந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டதும் எந்தப் பெண்ணும் செய்வது அது. லைன் கிடைக்கவில்லை. இந்த வட்டாரமே ஒரே நேரத்தில் போன் போட்டால் எந்த டவர் தாங்கும்?

அதே நேரத்தில் அலமாரி அலறத் தொடங்கியது.

லைன் கிடைத்தவர்கள் எல்லாம் அழைக்கிறார்கள். அம்மாவை, பெண்டாட்டியை, அண்ணனை. ஒன்றில் சாமி பாட்டு, ஒன்றில் குழந்தை சிரிப்பு, ஒன்று மரப்பலகையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. பிரீத்திகா அதைக் கீழே விழாமல் பிடித்து உள்ளே தள்ளினாள்.

அப்போதுதான் கவனித்தாள். மேல் வரிசையில் ஒன்றிரண்டு அடித்தன. கீழ் வரிசையில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தன. நடு வரிசையில் ஒரு சத்தமும் இல்லை.

நடு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பட்டன் தேய்ந்த பழைய போன். அமுக்கிப் பார்த்தாள். உயிர் இல்லை. பின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பேட்டரியே இல்லை. அடுத்ததை எடுத்தாள். பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. அதற்கடுத்ததில் திரை உடைந்து உள்ளே எறும்பு.

"என்ன அண்ணே இது?"

சங்கிலிமுத்து மணியை நிறுத்தினார். தரையைப் பார்த்தார்.

"கேட் போன், அக்கா."

"என்னது?"

"பஜார்ல பளைய போன் ரிப்பேர் கடையில கேட் போன்னு கேட்டா ஒண்ணு எடுத்துக் குடுக்கான். வேலைக்கு ஆகாதது. டோக்கனுக்கு ஒரு போன் வாங்கி வைக்கணும்னு சொன்னீக. வச்சாக. அதுல உசிரு இருக்கான்னு பாக்கச் சொல்லலையே."

செத்த போன்கள் இங்கே இருக்கின்றன. அப்படியானால் உயிருள்ளவை?

உள்ளே. மருந்து படிந்த கைகளுக்குப் பக்கத்தில். இந்த நிமிடம் ஊரே அவற்றை அழைத்துக்கொண்டிருக்கிறது.

"யாரும் போனைத் தொடாதீக!" கேட்டில் நின்று கத்தினாள். "அடிச்சா அடிக்கட்டும். எடுக்காதீக. கையை வீசி நடந்து வாங்க!"

வேப்பமரங்களுக்கு நடுவே வரிசையாக வந்தார்கள். வெள்ளிப்பொடி ஒட்டிய கைகளும் கால்களுமாக. யாரும் ஓடவில்லை. ஒரு பெண்ணின் இடுப்பில் போன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் கையை வீசியபடி, அழுதபடி, அதைத் தொடாமல் நடந்து வந்தாள். முருகேஸ்வரி.

கேட்டைத் தாண்டியதும் எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா நல்லாத்தான் இருக்கேன்டி. அளாத. நல்லாத்தான் இருக்கேன். நம்ம கம்பெனி இல்ல."

வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பிரீத்திகாவை நேராகப் பார்க்கவில்லை.

"முருகேஸ்வரியக்கா, நீங்களுமா?"

முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகள் கோவில்பட்டியில் நர்சிங் படிக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"போன வருசம் ஒருக்கா இப்படித்தான் வெடிச்சுச்சு. நான் எடுக்கலைன்னு அவ பஸ் ஏறி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடுனா. பிணவறை வரைக்கும் போயிட்டு வந்தா, அக்கா. அதுக்கப்பொறம் வைக்காம என்னால உள்ள போக முடியல. தப்புதான். வெடிச்சுருமோன்னு பயந்துதான் வச்சிருக்கேன். அதை வச்சிருக்கதாலயே வெடிச்சுருமோன்னும் பயந்துதான் உக்காந்திருக்கேன். என்ன செய்யச் சொல்லுதீக?"



யாரோ போனிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்கள்: "புதுப்பட்டியில களிவு மருந்தைக் கொட்டி வச்சிருந்த பள்ளமாம். ஆளு யாரும் இல்லையாம்." ஒருத்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்களையும் அனுப்பிருவீகளாக்கா? பாண்டிமீனா மாதிரி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பதில் யோசிக்க நேரம் வேண்டும்போல இருந்தது. மாமனாருக்குச் சொல்வதற்கு முன்னால் மகேஷிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று மறுபடி அவன் எண்ணை அழுத்தினாள்.

இந்த முறை லைன் கிடைத்தது. காதுக்குள் மணி போனது.

அதே மணி கேட்டுக்கு உள்ளேயும் கேட்டது.

பழங்காலத்து லேண்ட்லைன் மாதிரி, டிரிங் டிரிங் என்று. லோடு ஏற்றும் இரைச்சலிலும் கேட்க வேண்டும் என்பதற்காக மகேஷ் வைத்துக்கொண்ட மணி அது. ஆளில்லாத ஷெட்டுகளின் நடுவிலிருந்து, மருந்து அறைகள் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் அழைப்பைத் துண்டித்தாள். உள்ளே மணி நின்றது.

கூட்டம் மொத்தமும் அவள் கையைப் பார்த்தது. இன்னொரு முறை அழுத்தி உறுதி செய்துகொள்ளத் துடித்த விரலை மடக்கிக்கொண்டாள். அந்த மணியை அடித்தது அவள்தான். மருந்து அறைக்குள், தன் கையாலேயே.

போனை சங்கிலிமுத்துவிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே நடந்தாள். ஓட வேண்டும்போல இருந்தது, ஓடக் கூடாது.

மூன்றாவது மருந்து அறையின் வாசலில் போர்மேன் காளீஸ்வரன் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் ஒதுங்கினான். உள்ளே ரப்பர் விரிப்பில் தட்டு நிறைய மருந்து, பாதியில் விட்டுப் போனது அப்படியே இருந்தது. அதற்கு மேல் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றான் மகேஷ்குமார். யார் கூப்பிட்டது என்று பார்க்க விரலைத் திரைக்குக் கொண்டுபோனான்.

"தொடாதீக."

நிமிர்ந்தான்.

"அப்படியே வாங்க. விரலை எடுங்க. ஒண்ணும் பேச வேணாம். வெளிய வாங்க."

வந்தான். சுவரை உரசாமல், தட்டை மிதிக்காமல், பாதத்தைப் பார்த்துப் பார்த்து வந்தான். அவனுக்கும் தெரியும். இந்த மண்ணில் பிறந்தவன்தானே.

மரத்தடிக்கு வந்ததும் பிரீத்திகா நின்றாள்.

"விருதுநகர் போறேன்னு சொன்னீக."

"லோடு கேட் வழியா வந்தேன்." அங்கே லாரிதான் வரும், போன் வாங்கி வைக்க ஆள் கிடையாது. "எல்லாரும் வெளிய போயிட்டாங்க. ரூம் காலியா இருந்துச்சு. ஒரு வீடியோ எடுக்க எம்புட்டு நேரம்? போனால தீப்பிடிச்சுச்சுன்னு எவனாவது நிரூபிச்சிருக்கானா பிரீத்தி?"

"பிடிக்காதுன்னு நிரூபிக்க உங்களுக்கு நம்ம மருந்து ரூம்தான் கெடைச்சுச்சா?"

அவள் காளீஸ்வரன் பக்கம் திரும்பினாள். "எதுக்கு வீடியோ?"

காளீஸ்வரன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அச்சங்குளத்துப் பார்ட்டி கேட்டாகளாம்க்கா. கம்பெனியை நேர்ல பாக்க வர்றதுக்கு முன்னால..."

"ஏலே!" என்றான் மகேஷ்.

"எதுக்குப் பாக்க வர்றாக?" என்று கேட்டாள் பிரீத்திகா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. கம்பெனியை எதற்குப் பார்ப்பார்கள்? மாப்பிள்ளை பார்க்கவா?

"விக்கப் போறீகளா?"

"பேச்சுதான் நடக்குது. ஒண்ணும் முடிவாகல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

அவன் கேட்டைப் பார்த்து நடந்தான். அவள் பின்னால் வந்தாள். வெட்டவெளியில் நின்ற அத்தனை பேரும் வழிவிட்டார்கள். சின்ன முதலாளி கையில் போன் வெயிலில் மினுங்கியது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பிரீத்திகா நின்றாள்.

"சீசன் முடியுற வரைக்கும் நீங்க இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது."

மகேஷ் சிரிக்கப் பார்த்தான். "விளையாடுதியா? இது எங்கப்பா கம்பெனி."

"அவரு போட்ட சட்டம்தான்."

"அப்ப இவங்க?" கூட்டத்தின் பக்கம் கையை வீசினான். "எல்லாவளும்தான் இடுப்புல வச்சிருந்தா. காளி சொன்னான். கேட் போன் வச்சு உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டாளுக. அவங்களை என்ன செய்யப் போற?"

முருகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னைக்கு வேலை இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். நாளைக்கு வைக்கிற போனை நானே அடிச்சுப் பாப்பேன். மணி கேட்டாத்தான் டோக்கன். பிள்ளைக கூப்பிடுறதுக்கு கேட்டுல ஒரு நம்பர் போடுவோம், சங்கிலிமுத்தண்ணே உள்ள வந்து தகவல் சொல்லுவாரு. பாண்டிமீனாவையும் யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க." சற்று நிறுத்தினாள். "இவுக பிள்ளைகளுக்குப் பயந்து வச்சாக. நீங்க யாருக்குப் பயந்து வச்சீக? மொதலாளிக்கு இவுகளைவிடக் கூடுதலாத்தான் தண்டனை."

சங்கிலிமுத்து இருமினார். அவர் கையிலிருந்த பிரீத்திகாவின் போன் ஒளிர்ந்தது. திரையில் 'மாமா'.

மகேஷ் அவசரமாகத் தலையை ஆட்டினான். சொல்லாதே என்று. பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஸ்டென்ட்.

அவள் எடுத்தாள்.

"தாயீ, ஜன்னல் கண்ணாடி அதிருச்சு. நம்ம எடமா?"

"இல்ல மாமா. புதுப்பட்டிப் பக்கம். ஆளுக்கு ஒண்ணும் இல்லையாம். நம்மாளுக எல்லாரும் நல்லா இருக்காக."

"மகேஷ் எங்கன இருக்கான்? அடிச்சா லைன் கெடைக்க மாட்டேங்கு."

பிரீத்திகா கணவனைப் பார்த்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. விருதுநகர்ல மாமா. அவ்வளவுதான். இன்றைக்குப் பொழுது நிம்மதியாகப் போகும்.

"இங்கனதான் இருக்காரு மாமா. இப்ப வீட்டுக்கு வர்றாரு. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். அவரு வாயாலயே சொல்லட்டும்."

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நல்ல விசயமாத் தெரியல."

"கேட்டுட்டு நீங்க சொல்லுங்க மாமா."

"சரி. மாத்திரையைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். வரச் சொல்லு."

அவள் போனை இறக்கியபோது மகேஷின் முகம் கறுத்திருந்தது. "அந்த மனுசனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த வீடியோவை அழிச்சுட்டுப் போங்க."

"நீயே அழிச்சுக்க!" போனை அலமாரிக்குள் விட்டெறிந்தான். செத்த போன்களின் நடுவே விழுந்து சாய்ந்தது அது. "டோக்கன் வேணாம்!"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. கூட்டம் மெல்லக் கலைந்தது. பிரீத்திகா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றார் சங்கிலிமுத்து. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன மொதலாளி வண்டி வீட்டுப் பக்கம் திரும்பலையே. சாத்தூர் ரோட்டுல போகுது."

சாத்தூர் ரோடு. அச்சங்குளத்துப் பார்ட்டியைப் பார்க்கத்தான்.

கூப்பிட்டுத் திருப்பலாம் என்று கை போனைத் தூக்கியது. யாரைக் கூப்பிடுவது? அவன் போன் அலமாரியில் கிடக்கிறது. சிவகாசியில் ஒரு மனிதர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

பிரீத்திகா அரை நிமிடம் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, உங்க டூவீலர் சாவியைக் குடுங்க."

"அக்கா, அந்த வண்டியில பிரேக்கு சரியாப்..."

"குடுங்க அண்ணே. சாத்தூர் ரோட்டுலயே போயி அவரைத் திருப்பிக் கூட்டியாரேன். முருகேஸ்வரியக்கா!"

போய்க்கொண்டிருந்த முருகேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் ஒரு ஆளு உள்ள போகக் கூடாது. யாரு வந்தாலும். கேட்டு உங்க பொறுப்பு."